சொரசொரப்பு எண்

சாட்ஸ்வொர்த் நூலகத்தின் பின்னறையில்
சனிக்கிழமை பத்து மணிக்கு
ஆற்றைக் கூட்டிக் கழிக்க உட்காருகிறோம்.

ஏழு பேர். திரையில் இன்னும் நால்வர்:
ஒருத்தி நைரோபியில், ஒருவன் போர்ட் லூயியில்.
மற்ற இருவரின் முகத்தை
இரண்டு வருடமாய் யாரும் பார்த்ததில்லை,
அவர்கள் திருத்திய வரிகளைத்தான் தெரியும்.
யாருக்கும் சம்பளம் கிடையாது.
மின்வெட்டு அட்டவணைதான் நிகழ்ச்சி நிரல்.
பன்னிரண்டுக்கு வெளிச்சம் போகுமுன்
கணினி ஓடி முடிய வேண்டும்.

கேள்வி என்னவோ சின்னதுதான்.
மேட்டுப்பக்கம் ஒரு மணிநேரம் இப்படிக் கொட்டினால்
உம்லதுசானா
எத்தனை நிமிடத்தில் பாலத்தைத் தொடும்?

பூபாலன் கவுண்டர்,
பள்ளிச் சான்றிதழில் கொவென்டர்,
முப்பது வருடம் மாநகராட்சிக்கு வடிகால் வரைந்தவர்,
பலகையில் சொரசொரப்பு எண்ணை எழுதினார்:
0.013.
வழுவழுத்த கான்கிரீட்டுக்கு
எல்லாப் பாடநூலும் ஒப்புக்கொண்ட மாறிலி.
ஓட்டினோம்.
பாலத்துக்கு இரண்டடி கீழேயே
எங்கள் ஆறு சாதுவாய்ப் போயிற்று.

நிஜ ஆறு அந்த இரவு
கைப்பிடிக் கம்பிக்கு மேலே போனது.

நான்கு மாதம் அந்த இடைவெளிக்குள் குடியிருந்தோம்.
மழைமானியைச் சந்தேகித்தோம்.
போர்ட் லூயிக்காரன் கால இடைவெளியைப் பாதியாக்கினான்,
பாதியை மறுபடி பாதியாக்கினான்.
ஆறு இன்னும் சின்னச் சின்னப் படிகளில் இறங்கியது,
பாலத்தைத் தொடாமல்.
தப்பான கழித்தல் குறி ஒன்றை
மூன்று இரவு தேடிக் கண்டுபிடித்தேன் நான்.
அதைத் திருத்தியதும் விடை இன்னும் கெட்டது.

நொக்வாண்டாதான்
மடிக்கணினியை மூடிவிட்டு
ஆற்றைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினாள்.

பாலத்தடியில் தகர வீடு.
சுவரில் கரிக்கோடுகள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரம்.
ஒன்பது இருபது.
ஒன்பது நாற்பது.
பத்து ஐந்து.
அதற்குமேல் கோடு இல்லை.
'கூரைக்கு ஏறிவிட்டேன்' என்றாள் புசிசிவே.

பிறகு கேட்டாள்:
மதகுக்குள் என்ன கிடக்கிறது என்று
உங்களில் யாராவது குனிந்து பார்த்தீர்களா?

மெத்தை மூன்று.
குளிர்பெட்டிக் கதவு.
நாணல், டயர், பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கில் முளைத்த நாணல்.
மேல்தெருவுக்குச் செவ்வாய்தோறும் குப்பை லாரி வருகிறது.
இந்தச் சரிவில் அது இறங்குவதில்லை.

அடுத்த சனிக்கிழமை
பூபாலன் நெடுநேரம் பலகை முன் நின்றார்.
அந்த மதகின் வரைபடத்தில்
மூலையில் இருப்பது அவருடைய கையெழுத்து,
இருபத்தாறு வயதில் போட்டது.
உள்ளங்கையால் எண்ணை அழித்தார்.
0.09 என்று எழுதினார்.

ஒன்பது இருபது, ஒன்பது நாற்பது, பத்து ஐந்து.
எங்கள் ஆறு ஒவ்வொரு கரிக்கோட்டையும் தொட்டுக்கொண்டு ஏறியது.
அதிகபட்ச வித்தியாசம் நான்கு நிமிடம்.
யாரும் கைதட்டவில்லை.

தமிழில் என்ன முணுமுணுக்கிறாய் என்றாள் நொக்வாண்டா.
பிழை என்றேன்.
கணக்கில் தவறினால் பிழை.
கூரைமேல் ஏறி உயிரோடு இருந்தால் பிழைத்தல்.
இரண்டுக்கும் ஒரே சொல்லா?
ழகரம் வராத நாக்கில்
இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாறிலி என்று வைத்திருந்ததை
இப்போது மாறி ஆக்கிவிட்டோம்.
வெள்ளிக்கிழமை மாலை மதகைப் படமெடுத்து அனுப்புவாள்
எங்கள் பன்னிரண்டாவது ஆள்.
நைரோபியில் ஒருத்தி படத்தைப் பார்த்து எண்ணைத் திருத்துவாள்.
எச்சரிக்கைச் சங்கு கேட்டு எழுதிய கடிதத்துக்கு
மாநகராட்சி இன்னும் பதில் போடவில்லை.
சங்கு வந்தால்
ஓடுவதற்கு இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது
என்று அதில் எழுதியிருந்தோம்.

நேற்றைய படத்தில் புதிதாய் ஒரு சோபா.

பத்தொன்பது.